தாங்கும்

கிளிநொச்சி ஆசுப்பத்திரி, சிறுவர் தீவிர சிகிச்சை.
ஆறு கட்டில், ஒன்று பழுது.
இரவு பதினொன்றரைக்கு டொக்டர் நிபுன
தாளொன்றில் கோடிழுத்துத் தந்தார்:
ஆண், பெண். பிழைத்தது, இறந்தது.
மூன்று வருசப் பதிவேட்டைப் பார்த்து
நான் புள்ளடி போடவேணும்.

மூன்று வருசம் காணுமா என்றார்.
அலுமாரியில் எல்லாமே 2009க்குப் பிறகுதான் தொடங்குது.
முந்தியது எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மொனிட்டரின் சத்தத்துக்குள் போட்டுக்கொண்டு போனேன்.
எலிக்காய்ச்சல். நிமோனியா.
விசுவமடுவில் கிணற்றடிப் பாம்பு.
முறிகண்டிக்கு இந்தப் பக்கம் பிரண்ட வான்,
அதற்குள் நாலு பிள்ளைகள்.
பெடியன்களின் இறப்புப் பெட்டியில் புள்ளடிகள் நெருக்கியடித்தன;
பெட்டைகளின் பெட்டியில் அங்கொன்று இங்கொன்று.

"பெட்டைப் பிள்ளையள் தாங்கும், டொக்டர்."
எல்லாரும் சொல்வதுதான்.
ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே
எத்தனை தாய்மாருக்கு நானே சொல்லியிருப்பேன்.

அவர் மாத்தளை. தமிழைப் படித்தது
வருத்தக்காரப் பிள்ளைகளிடம்:
நோகுதா, மூச்சை இழு, நாக்கை நீட்டு.
"தாங்கும் எண்டா?"

பாரம் தாங்கும். நோவு தாங்கும்.
முறியாது என்று அர்த்தம், என்றேன்.
அதனால் கொஞ்சம் பொறுக்கலாம் என்றும் அர்த்தம்,
அதைச் சொல்ல வாயெடுக்கையில்
பக்கம் புரண்டது.

மல்லாவி. யதுர்சன். வயது ஆறு. டெங்கு.
காய்ச்சலின் இரண்டாம் நாளே கூலிக்கு வான் பிடித்து
தாயின் மடியில், தலையில் நனைத்த துவாயோடு வந்தவன்.
எல்லாம் நேரத்துக்கு நடந்தது. எல்லாம் செய்தோம்.
ஐந்தாம் நாள் விடிய நாலு பத்து.

பதினொரு நாள் கழித்து அதே விலாசம்.
அபிசிகா. வயது ஒன்பது. டெங்கு.
காய்ச்சலின் ஐந்தாம் நாள்.
மோட்டார் சைக்கிளில், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில்,
செருப்பில்லாத கால்கள் ஆட ஆட.

"செத்தவீட்டுச் சனம், மிஸ்.
எட்டுச் செலவு அலுவல் வேற.
பிள்ளை தேத்தண்ணி குடுத்துக்கொண்டு திரிஞ்சது.
நெத்தி சுட்டதுதான்;
அழுதழுது சுடுது எண்டு நினைச்சன்.
ஏலாது எண்டு அவளும் வாய் திறக்கேல்லை."

கை கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்.
மூன்று தரம் இடம் மாற்றித்தான்
நாடி என் விரலுக்குக் கிடைத்தது.
பிழைத்தாள்.
வோட்டுக்கு மாற்றும் நாளில்,
தம்பி எந்தக் கட்டிலில் படுத்தவன் என்று கேட்டாள்.
பழுதான கட்டிலைக் காட்டினேன்.
அவள் எழும்பி இறங்கியதுதான்
அவனுடைய கட்டில்.

பெண். பிழைத்தது. ஒரு புள்ளடி.
மற்ற எல்லாப் புள்ளடியையும் போலவே கிடந்தது.
தேத்தண்ணித் தட்டோடு நின்ற ஐந்து நாளுக்கு
தாளில் பெட்டி இல்லை.
வராமலே போனவளுக்கு
இந்த அலுமாரியிலேயே பக்கம் இல்லை.

ஸ்கேலைத் தேடினேன், கிடைக்கவில்லை.
மருந்துப் பெட்டியின் ஓரத்தை வைத்து
புதுக் கோடொன்று இழுத்தேன், கொஞ்சம் சரிவாக:
எத்தனையாம் நாள்.
பிறகு முதலாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
டொக்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல்
மற்றப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு, தூக்கம் போக,
தாளின் மூலையில் தமிழ் எழுதிப் பழகினார்.
கால் போட மறந்து, தங்கும் என்று.
திருத்தவில்லை நான்.
இரண்டும் வேண்டுமென்றிருந்தது அந்த நேரம்.

நாலுக்குக் கொஞ்சம் முன்னம் போன் அடித்தது.
ஒட்டுசுட்டானில் இருந்து அம்புலன்ஸ்,
ரோட்டில் யானை நின்றதால் பிந்தியிருக்கிறதாம்.
பெண் பிள்ளையாம், ஏழு வயதாம்.
"காய்ச்சல் எத்தனையாம் நாள்?" என்றேன்.
அந்தப் பக்கம் ஆரிடமோ கேட்கிறார்கள்.
ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி
மற்றக் கையால்
கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்கிறேன்.